இருபத்தேழாவது அட்டை

ஐம்பது மீட்டருக்கு ஓர் அட்டை.
சேலம் தரையிலிருந்து எண்ணினால்
சேர்வராயன் உச்சிவரை இருபத்தேழு.

செவ்வாய்ப்பேட்டையில்
ஸ்வீட் பெட்டிக்குச் சாம்பல் அட்டை விற்கும் கடையில்
கிலோக் கணக்கில் வாங்கினேன்.
"என்ன பலகாரம் சார்?"
மலை என்று சொல்ல வாய் வரவில்லை.
மைசூர்பாகு என்றேன்.

முதல் மூன்றும் அப்பளமாய்ச் சுருண்டன.
ஃபெவிக்காலில் தண்ணீர் கூடிப்போச்சு.
பிறகு மரவள்ளி மாவைக் காய்ச்சி ஆறவைத்து
நடுவில் ஊற்றி
காலாவதியான ஏடிஎம் கார்டால் ஓரத்துக்கு இழுத்தேன்.
குமிழிகள் விளிம்புவரை ஓடி
ஒரு தும்மல் போட்டு அடங்கின.
மேலே பழைய இன்வெர்ட்டர் பேட்டரி.
இரண்டு நாள் தொடக்கூடாது.
"கரண்ட் போனா உதவாத சாமான்
மலைக்காவது உதவுதே" என்றாள் தேன்மொழி.

பதினோராம் நம்பர் பிளேடு, மருந்துக்கடையில் வாங்கியது.
அழுத்தக்கூடாது.
முதல் இழுப்பில் அட்டை கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.
இரண்டாவதில் நார் விடும்.
மூன்றாவதில் தானாக விலகும்.
வளைவில் கையைத் திருப்பக்கூடாது, அட்டையைத்தான்.
கொண்டை ஊசிப் பக்கம் கோடுகள் நெருக்கம்;
திருப்பித் திருப்பி
ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்பவனைப்போல் ஆனேன்.

வெட்டிய விளிம்பு வெள்ளையாய்க் கத்தும்.
பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வாயை மூடினேன்.

பகலில் வேறு வேலை.
ஃபேர்லேண்ட்ஸ் ஸ்கேன் சென்டரில்
ஆளைப் படுக்கவைத்து
ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு படம்.
மூச்சை அடக்குங்க. விடுங்க.
இரண்டையும் முடிச்சுப் போடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஞாயிறு இரவு, ஒட்டப்போகும் நேரத்தில்
உச்சியைக் காணோம்.
சுண்டுவிரல் நகம் அளவுதான்.
சோபா அடியில் துடைப்பம் விட்டோம்.
குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தோம்.
மகன் நித்திலன் டார்ச் அடித்து
ஒரு திராட்சையும் இரண்டு ரூபாயும் கண்டெடுத்தான்.
"இன்னொண்ணு வெட்டிக்கலாமே?"
வெட்டலாம்.
வெட்டவில்லை.

திங்கள் காலை பத்தரைக்கு
மாதேஸ்வரி, வயது முப்பத்தொன்று, வெள்ளக்கடை.
காபித் தோட்டத்தில் சறுக்கி விழுந்து விலாவில் அடி.
கையைத் தலைக்குமேல் தூக்கிவைத்தபோது சொன்னார்:
"சார், உங்க முழங்கையில என்னமோ பச்சையா."

பார்த்தேன்.
மரவள்ளிப் பசை நன்றாகத்தான் பிடித்திருந்தது.
பால் வாங்கி, பஸ் ஏறி,
ஐந்து ரோட்டில் சிக்னலுக்கு நின்று
சேர்வராயன் என்னோடு வேலைக்கு வந்திருக்கிறான்.

"மலைங்க."
"எந்த மலை?"
"உங்களுதுதான்."
சிரித்தார், வலித்தது, மறுபடி சிரித்தார்.
"எங்க ஊரு எத்தனாவது அட்டை?"
"பதினாறோ, பதினேழோ."
"உள்ளயா, ஓரத்துலயா?"

மூச்சை அடக்குங்க என்றேன்.
அடக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மேசை விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
பதினேழில் வெளியே தெரிவது அரை விரல் அகலம்.
மீதி முழுக்கப் பதினெட்டுக்கு அடியில்,
பசையும் இருட்டும்.
அந்த அரை விரலில்தான்
வீடு, பள்ளிக்கூடம், காபிக் களம், சறுக்கிய இடம்.
கீழே முதல் அட்டைக்கு வந்தேன்.
எங்கள் அழகாபுரமும் அப்படித்தான்,
ஒரு நூல் தள்ளி வெட்டியிருந்தால் குப்பைக்கூடையில்.

அவரிடம் சொல்லியிருக்கலாம்.
ஃபிலிமை வாங்கிக்கொண்டு
மதிய பஸ்ஸுக்கே போய்விட்டார்.
எலும்பு முறிவு இல்லை.

உச்சியை இடுக்கியால் எடுத்து
ஒரு சொட்டு வைத்து ஒட்டினேன்.
அதன் அடியில்
என் முழங்கை மயிர் இரண்டு.
பிடுங்க மனசு வரவில்லை.
இருக்கட்டும், காற்றடிக்கும் இடம்.